பச்சைமஞ்சளுக்கு இரண்டு தட்டு

போன மாதம் எல்லர்ஸ்லி அலுவலகத்துக்கு ஒரு நடை போயிருந்தேன். என் பழைய மேசையில் இப்போது இருக்கும் பிள்ளை எழுந்து நின்று, "அன்ரி, அந்தக் காலத்தில வரிகளை எல்லாம் கையாலயா உடைச்சனீங்கள்?" என்று கேட்டாள். நான் ஏதோ கல்லுடைக்கும் வேலை பார்த்துவிட்டு வந்தவள் போல அவள் முகத்தில் அவ்வளவு இரக்கம். எனக்கு இரக்கம் பிடிக்காது. "ஓம், கையாலதான். ஒருக்கா ஒரு மனிசனையும் உடைக்கப் பார்த்தனான்" என்றேன். அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

பகிடி இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பல மொழிகளில் பக்கம் அமைக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கணினியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லித்தரப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது சொல்லுக்கு நடுவில் போடும் ஓர் இடைக்கோட்டைப் பற்றி. எறும்பின் காலளவு நீளம். அதை நான் அழித்தேன். யாரும் சொல்லி அழிக்கவில்லை. நல்ல கவனமாக வேலை செய்கிறேன் என்ற நினைப்பில்தான் அழித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்த கை என்னுடையது. சண்டையில் அச்சகமும் போய், வீடும் போய், ஒருவாறு நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்து, ஏவன்டேலில் ஒரு வாடகை வீட்டிலிருந்து தினமும் இரண்டு ரயில் மாறி வேலைக்குப் போனேன். எங்கள் அலுவலகம் சின்னது. சமோவா மொழி, தொங்கா மொழி, சீனம், போலிஷ் என்று கேட்ட மொழியிலெல்லாம் சுகாதாரத் துண்டுத்தாள்களை அமைத்துக் கொடுப்போம். அந்த மொழிகளில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாத மொழியையும் எழுத்துப் பிசகாமல் அமைத்துவிடுவேன் என்ற திமிர் மட்டும் நிறைய இருந்தது.

தமிழில் வரி முடிந்தால் சொல்லை ஏறக்குறைய எந்த இடத்திலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம். எழுத்தையும் அதன் கொம்பையும் பிரிக்கக்கூடாது, புள்ளி வைத்த எழுத்தில் வரியைத் தொடங்கக்கூடாது. எங்கள் அச்சகத்தில் அவ்வளவுதான் சட்டம். கோடும் போடமாட்டோம். மேல்வரியில் 'அம்' என்றும் கீழ்வரியில் 'மா' என்றும் கிடந்தாலும் வாசிக்கிறவர் அம்மா என்றுதான் வாசிப்பார். ஆகவே வரிமுடிவில் போடும் இடைக்கோட்டை நான் ஒருநாளும் எழுத்தாக எண்ணியதில்லை. பந்தலுக்கு முட்டுக்கொடுத்த தடி மாதிரி, வேலை முடிந்தால் பிடுங்கிப் போட வேண்டிய சாமான் என்றே எண்ணியிருந்தேன்.

போலிஷ் வந்து என்னைக் குட்டிப் பார்த்தது. அங்கே இரண்டு எழுத்துச் சேர்ந்து ஓர் ஒலியாக நிற்கும்; அதை நடுவில் வெட்டினால் நம் 'கொ'வின் கொம்பை ஒரு வரியிலும் காலை மறுவரியிலும் போட்ட கதை. சொற்களோ ரயில் பெட்டிகள் போலக் கோத்துக்கொண்டே போகும். 'இருபத்தைந்து ஆண்டுகால' என்பதற்கு அவர்களுக்கு ஒரே சொல்: த்வு-ஜெ-ஸ்தோ-பியெஞ்-சோ-லெட்-னி. ஏழு அசை. ஒடுங்கிய பத்தியில் அது ஒருநாளும் அடங்காது. எங்கள் மென்பொருளுக்கு அப்போது போலிஷ் தெரியாது என்பதால் நானே எண்ணி, வெட்டி, வெட்டிய இடத்தில் கையால் ஒரு இடைக்கோட்டைத் தட்டி வைப்பேன். பள்ளியில் படித்த நேர், நிரை வாய்பாட்டை வைத்துக்கொண்டு போலிஷுக்கு அசை பிரித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் வெட்டுகளைச் சரிபார்க்க ஒரு போலந்துப் பெண் வருவாள். அவள் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் சண்டைக்கு வருவாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஊரில் பாலங்களுக்குக் கணக்குப் போட்ட பொறியியலாளர். இங்கே கிளென்ஃபீல்ட் கடைத்தொகுதியில் ஒரு பேக்கரியில் பாண் அடுக்கினாள். திங்கட்கிழமை அவளுக்கு லீவு. அன்று எங்களிடம் வந்து போலிஷ் புரூஃப் எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பாள். கண்ணால் மட்டும் பார்த்துச் சரி சொல்லவே மாட்டாள். வாசிக்கும்போது விரல் முட்டியால் மேசையில் தட்டுவாள். அதுவும் எல்லா அசைக்கும் தட்டுவதில்லை, ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு தட்டு.

"எங்கட மொழியில கடைசிக்கு முந்தின அசையிலதான் பாரம். சொல்லு எவ்வளவு நீளமெண்டாலும் அங்கதான்" என்றாள். அவள் சொன்னது ஆங்கிலத்தில். எனக்கு ஞாபகத்தில் நிற்பது என் தமிழில், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

முதல் மாதமே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர்களுடைய மண்டபத்துக்கு ஒரு விளம்பரத்தாள். அதில் அவர்கள் கொடியின் நிறம் வந்தது: வெள்ளையும் சிவப்பும். நடுவில் இடைக்கோடு. சரியாக அந்தக் கோட்டிலேயே வரி முறிந்தது. அவர்கள் கொடுத்த பிரதியில் மேல்வரி முடிவில் ஒரு கோடு, கீழ்வரித் தொடக்கத்தில் இன்னொரு கோடு. ஒரு வரி கோட்டோடு தொடங்குவதா என்று நான் கீழ்க்கோட்டைத் தூக்கிவிட்டேன்.

அவள் புரூஃபைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ எங்கட கொடியை ரோஸ் ஆக்கிப்போட்டாய்."

"என்னது?"

"இந்தக் கோடு சொல்லுக்குச் சொந்தம். கோடு இருந்தால் இரண்டு நிறம், பக்கத்துப் பக்கத்தில. கோடு இல்லாட்டி ஒரு நிறத்துக்குள்ள மற்ற நிறம் கலந்து கிடக்கு. வெள்ளை கலந்த சிவப்பு. வரி முறியிற இடத்தில உன்ர வெட்டுக் கோடு எது, எங்கட கோடு எது எண்டு வாசிக்கிறவைக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் கீழயும் ஒண்டு போடுறது."

பிறகு தட்டிக் காட்டினாள். கோடு உள்ள சொல்லுக்கு இரண்டு தட்டு, ஒவ்வொரு பாதிக்கும் ஒன்று. கோடு இல்லாவிட்டால் முழு நீளத்துக்கும் ஒரே தட்டு, கடைசிப் பக்கத்தில். "இரண்டு பொருள், இரண்டு தட்டு. ஒரு பொருள், ஒரு தட்டு. அவ்வளவுதான்" என்றாள். எனக்கு உடனே பிடிபட்டது. தந்த பலகை, தந்தப் பலகை என்று ஒரு 'ப்'புக்காக வாத்தியாரிடம் அடிவாங்கிய இனம் அல்லவா நாம். இனி ஆயுளுக்கும் மறக்கமாட்டேன் என்று அவளிடமே சொன்னேன். சொல்லி நாலு மாதம்கூட ஆகவில்லை.

ஒரு சிகிச்சை நிலையம் தன் போலந்து முதியவர்களுக்காக ஒரு மருந்துத்தாள் கேட்டது. கண் மங்கியவர்கள், ஆங்கிலச் சீட்டை வாசிக்க முடியாதவர்கள்; மருந்துக் குளிசையை நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். தாளில் நாலைந்து மருந்துகள். அவற்றில் இரண்டை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். முதலாவது, பாதி பச்சை பாதி மஞ்சளான குளிசை: காலை, மதியம், மாலை. நாலாவது, முழுவதும் ஒரே நிறம், பச்சை கலந்த மஞ்சள்: ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒன்றே ஒன்று, கூடினால் ஆளையே கொல்லும். போலிஷில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான். ஜெலோனோ-ஜூவ்தா என்று கோடு போட்டால் முதலாவது. ஜெலோனோஜூவ்தா என்று சேர்த்தால் நாலாவது.

திங்கட்கிழமை அவள் இரண்டையும் தட்டிப் பார்த்தாள். கோடு உள்ளதற்கு 'லோ'வில் ஒன்று, 'ஜூவ்'வில் ஒன்று. சேர்ந்ததற்கு 'ஜூவ்'வில் மட்டும்; 'லோ' தட்டையாகப் போய்விடும். என் வாய்பாட்டில் முதலாவது புளிமா, தேமா. இரண்டாவது ஒரே மூச்சில் புளிமாந்தண்பூ. அவளுக்கு அதைச் சொன்னேன், சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இது இரண்டும் ஒண்டுக்கொண்டு நல்லாக் கிட்ட. கவனம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அந்தப் புரூஃபில் முதலாவது சொல் கோட்டிலேயே முறிந்திருந்தது. விதிப்படி மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டிருந்தேன்.

வியாழக்கிழமை பிற்பகல் சிகிச்சை நிலையத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது. எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும், இரண்டு பத்தி வேண்டாம், ஒன்றே போதும். அச்சகக்காரர் நாலு மணிக்கு வந்து எடுத்துப்போவார். பத்தியை அகலமாக்கினேன். வரிகளெல்லாம் இடம் மாறின. நான் கையால் தட்டி வைத்த இடைக்கோடுகள் வரி நடுவில் வந்து பல்லிளித்தன. ஒவ்வொன்றாகத் தேடி அழித்துக்கொண்டு வந்தேன். முதலாம் மருந்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு கிடந்தது. தவறுதலாக இரண்டு தரம் தட்டிவிட்டேன் போல என்று இரண்டையும் அழித்தேன். அழித்துவிட்டு, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று தாளைத் தூக்கிப் பார்த்து ரசித்ததும் ஞாபகமிருக்கிறது.

அவளுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். பேக்கரி முதலாளிக்கு வேலை நேரத்தில் போன் வந்தால் பிடிக்காது. அடுத்து, ஓர் எழுத்தும் மாறவில்லை, பத்திதானே அகலமானது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று அவசரமும் இருந்தது, புத்தியும் இருந்தது. அந்தப் புத்திதான் நியாயம் கண்டுபிடித்துக் கொடுத்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் வந்தாள். அச்சான தாள் ஒன்று என் மேசையில் கிடந்தது. மேற்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டபடி, சும்மா பழக்கதோஷத்தில் அதை எடுத்து வாசித்தாள். முட்டி மேசையில் ஒருமுறை விழுந்தது. அடுத்த மருந்து, அடுத்தது, பிறகு நாலாவது. மறுபடி ஒருமுறை. கை அப்படியே நின்றது. முதலாம் வரிக்குத் திரும்பிப் போய் மெதுவாக வாசித்தாள். ஒரு தட்டுத்தான்.

நான் அதற்குள் எழுந்துவிட்டேன். என் காதுக்கே கேட்டது.

"ஆக்களுக்கு எப்ப குடுத்தவை?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை."

என் அறையில் சேகர் என்று ஒரு தம்பி இருந்தார், சென்னைக்காரர், கணினியில் கெட்டிக்காரர், மனம் நல்ல மனம். நான் போனைத் தூக்குவதைப் பார்த்ததும் ஓடிவந்தார். "அக்கா, கொஞ்சம் பொறுங்க. ஓனர் மூணு மணிக்கு வந்துடுவார். அவர்கிட்ட சொல்லிட்டு அப்புறம் பேசலாம். நாமளா போய் தலையைக் குடுக்க வேணாம்."

அவர் சொன்னதில் பிழையில்லை. என் தம்பியை இங்கே கூப்பிடுவதற்கு விசாவுக்குப் போட்டிருந்தேன். நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்ற கடிதத்தில் அந்த வாரம்தான் முதலாளி கையெழுத்து வைக்க வேண்டும். தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் அந்தக் கடிதத்தைக் காத்துக் கிடந்தான். உண்மையைச் சொல்கிறேன், போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். புதுத்தாள் அடித்து, 'திருத்திய பதிப்பு' என்று போட்டு, மெல்ல மாற்றிவிடலாமா என்றுகூட யோசனை ஓடியது. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்ற கதைதான். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பிறகு எண்ணை அழுத்தினேன். சிகிச்சை நிலையத் தாதியிடம் என் பெயரைச் சொல்லி, பிழை என்னுடையது என்று சொல்லி, என்ன பிழை என்பதையும் சொன்னேன். அவர் கெட்டிக்காரப் பெண். என்னோடு சண்டை பிடிக்க நேரம் செலவழிக்கவில்லை. தாள் நாலு பேருக்குப் போயிருந்தது. மூன்று பேர் பிள்ளைகளோடு இருப்பவர்கள். பிள்ளைகள் ஆங்கிலச் சீட்டைப் பார்த்துத்தான் குளிசை கொடுப்பார்கள். நாலாவது ஒரு முதியவர், கிளென்ஃபீல்டில் தனியாக இருப்பவர். எல்லோருக்கும் தானே போன் எடுப்பதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

பத்து நிமிடம். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன். அவள் தாளை நாலாக மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள்.

போன் வந்தது. தாதியின் குரலில் நிம்மதி. மூன்று வீட்டிலும் பிரச்சினை இல்லை. தனியாக இருப்பவரும் போனை எடுத்துவிட்டார். "நல்ல தெளிவாத்தான் கதைக்கிறார். கிறீன் யெல்லோ ஒரு நாளைக்கு மூண்டு எடுக்கிறாராம். அதுதானே சரி?"

"அப்பாடா" என்றார் சேகர். "சொன்னேன்ல அக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு." அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் நானும் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடலாம் என்றிருந்தது. எல்லோரும் நல்லது என்று சொல்லும்போது நாமும் அதை நம்பி எழும்பிப் போய்விடத்தான் மனம் துடிக்கும். இந்த வேலையில் அந்தத் துடிப்புக்குத்தான் பயப்பட வேண்டும், பிள்ளைகளே.

எனக்குள் ஏதோ உறுத்தியது. கிறீன் யெல்லோ. ஆங்கிலத்தில், அதுவும் ஒரு போலந்துக்காரர் வாயில், அது பாதி பச்சை பாதி மஞ்சளா, பச்சை கலந்த மஞ்சளா? இரண்டுக்கும் அவர் அதே இரண்டு சொல்லைத்தான் சொல்லுவார். அந்த மொழியில் அவருக்கு இடைக்கோடும் இல்லை, தட்டும் இல்லை.

"பாதிக்குப் பாதியா எண்டு கேட்டனீங்களா?" என்றேன் தாதியிடம்.

"அவர்தான் கிறீன் யெல்லோ எண்டு வடிவாச் சொல்லுறாரே" என்றார். குரலில் இப்போது கொஞ்சம் அலுப்பு. அவருக்கு வாசலில் ஆட்கள் காத்திருந்திருப்பார்கள்.

"அவற்ர நம்பரைத் தாங்கோ. போலிஷ் தெரிஞ்ச ஆள் இஞ்ச நிக்கிறா. ஒருக்கா அவரோட கதைக்கட்டும். உங்கட லைனை வேற ஆருக்கும் குடுக்காம வைச்சிருங்கோ, நான் திரும்ப எடுப்பன்" என்றேன். கேட்கிற முறையில் கேட்கவில்லை. அதட்டித்தான் விட்டேன் என்று நினைக்கிறேன். எண்ணைத் தந்தார்.

ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு அவள் பேசினாள். அந்தப் பக்கம் கனத்த குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது. தன் மொழியைக் கேட்டதும் அவர் சந்தோஷப்பட்டது எனக்கே விளங்கியது. ஏதோ பகிடி விட்டார், அவள் கடமைக்குச் சிரித்தாள். நான் ஒரு தாளில் பெரிதாக எழுதி நீட்டினேன்: தாளை வாசிக்கச் சொல்லாதே. இன்று காலை விழுங்கியது என்ன நிறம் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல். அச்சிட்டதை வாசித்தால் அவர் என் பிழையைத்தான் வாசிப்பார். எனக்கு வேண்டியது அவர் கண் கண்ட நிறம்.

அவள் கேட்டாள். அவர் யோசிக்கவில்லை. ஒரே மூச்சில் சொன்னார்.

ஜெலோனோஜூவ்தா.

'லோ'வில் ஒன்றுமில்லை. தட்டையாக வழுக்கிப்போய் 'ஜூவ்'வில் ஒரே ஒரு பாரம். அவள் முட்டி தானாகவே மேசையில் விழுந்தது, ஒருமுறை. இரண்டாவது தட்டுக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. போலிஷில் எனக்கு நாற்பது சொல்கூடத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லை என் தாய்மொழியைவிடத் தெளிவாக அன்று கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டாள். அவர் நீளமாகப் பதில் சொன்னார். அவள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "முழுக்க ஒரே நிறமாம். பழுக்காத எலுமிச்சம்பழம் மாதிரியாம். சனி மூண்டு, ஞாயிறு மூண்டு, இண்டைக்குக் காலமை ஒண்டு. மற்றதை, பாதிக்குப் பாதியை, நேற்று மட்டும் ஒண்டு போட்டவராம்."

ஏழு. ஏழு வாரத்துக்கு உரியதை இரண்டரை நாளில் விழுங்கியிருந்தார். தாளில் இரண்டு இடத்திலும் ஒரே பெயர் கிடந்ததால் முதலில் வாசித்தபடியே செய்திருக்கிறார்.

சேகர் அதற்குள் மற்றப் போனில் தாதிக்கு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். தலையைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னவர்தான், நான் சொல்லாமலே செய்தார். அதை நான் மறக்கவில்லை. தாதி இந்த முறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அவரைக் கதைக்க வைச்சிருங்கோ. கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து விடச் சொல்லுங்கோ. அம்புலன்ஸ் அனுப்புறன்" என்றார்.

இருபது நிமிடம் அவள் அவரோடு பேசினாள். தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு வந்து உட்காரச் சொன்னாள். வாயில் புண் இருக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று தாதி கேட்கச் சொன்னவற்றைச் சேகர் எழுதி நீட்ட நீட்டக் கேட்டாள். நடுநடுவே அவர் கோபப்பட்டார். தாளில் எழுதியபடிதானே செய்தேன், நான் என்ன குழந்தைப்பிள்ளையா என்று கேட்கிறார் என்றாள். பிறகு பேச்சு மெதுவாகியது. ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்லூர்க் கந்தன் தொடங்கி எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். கடைசியில் ஒலிபெருக்கியில் கதவு திறக்கும் சத்தமும் புதிய குரல்களும் கேட்டன. யாரோ ஒருவர் போனை எடுத்து, "இனி நாங்கள் பாக்கிறம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். கதவடியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "எனக்குச் சொல்ல முன்னம் அவைக்குப் போன் எடுத்திட்டாய்" என்றார். ஓம் என்றேன். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணித்தியாலம் கழித்து வெளியே வந்தார். "அடுத்த முறையும் அப்படியே செய்" என்றார். பிறகு, "அடுத்த முறை வராமலும் பார்" என்றார். தம்பியின் கடிதத்தில் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்துத் தந்தார். அதை நான் நன்றியோடு வாங்கிக்கொண்டேன், ஆனால் அந்த வாரம் எனக்கு அது சந்தோஷம் தரவில்லை. நாலு நாளாக அந்த முதியவரின் இரத்தத்தை ஆஸ்பத்திரியில் மாறிமாறிப் பரிசோதித்தபடி இருந்தார்கள்.

அன்றிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் நான் விடாத பழக்கங்கள் இரண்டு. ஒரு புள்ளி நகர்ந்தாலும் தாள் மறுபடி வாசிப்பவரிடம் போகும். அச்சகக்காரர் வாசலில் நின்று ஹோர்ன் அடித்தாலும் அடிக்கட்டும். அடுத்தது, கடைசிப் பிரதியைச் சத்தமாக வாசிக்கக் கேட்காமல் நான் கையெழுத்து வைத்ததில்லை. கண் தான் எதிர்பார்ப்பதைத்தான் பார்க்கும், அது ஒரு சோம்பேறி. காது கொஞ்சம் பரவாயில்லை. உங்கள் மென்பொருள் வரியைத் தானே உடைக்கிறது என்று எனக்குச் சொல்லாதீர்கள். அது உடைத்ததை வாய்விட்டு வாசித்துக் காட்ட ஒருவரைப் பிடித்து வைத்திருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அவளும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகாமல் இருக்க ஆயிரம் காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அவர் தப்பிவிட்டார் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். வாயெல்லாம் புண், பேச நோகும், ஆனால் பேசாமல் இருக்கிற ஆளாக அவர் தெரியவில்லை. அவள் போலிஷில் என்னை அறிமுகம் செய்தாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினார்.

"கோட்டை எடுத்தது நீயா?"

"ஓம், நான்தான்."

"சொல்லிக் காட்டு. அந்தச் சொல்லை."

ஜெலோனோ-ஜூவ்தா என்றேன். அவர் கட்டில் கம்பியில் விரலால் ஒருமுறை மட்டும் தட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார். பயத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தேன். மறுபடி சொன்னேன், 'லோ'வில் நின்று, 'ஜூவ்'வில் நின்று. கம்பியில் இரண்டு தட்டு விழுந்தது.

"ஏன் எடுத்தாய்?"

எங்கள் மொழியில் அந்தக் கோடே இல்லை, சொல்லை எங்கே உடைத்தாலும் ஒன்றும் போடமாட்டோம், வாசிக்கிறவர் தானே சேர்த்துக்கொள்வார் என்று தட்டித்தடவிச் சொன்னேன். சமாதானம் சொல்லுகிறேன் என்று எனக்கே கேட்டது. ஆனாலும் அவர் ஆர்வமாகக் கேட்டார்.

"எந்த இடத்திலயும் உடைப்பியளா? ஒரு அடையாளமும் இல்லாமலா?"

"ஓம்."

"அப்ப உங்கட ஆக்களில எழுதிறவை, வாசிக்கிறவையை நம்புறவை."

அப்படி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஓம் என்று தலையாட்டினேன்.

"நல்லது" என்றார். "நான் வாசிக்கிற ஆள். எழுதின ஆள் எண்டு உன்னை நம்பித்தான் விழுங்கினனான்."

கோபமாகச் சொல்லவில்லை. தலையணையைக் கொஞ்சம் உயர்த்திவிடச் சொன்னார். உயர்த்திவிட்டேன்.